டூமாவின் வாள்வீரர்கள்: எந்தப் படத்தைப் பார்ப்பது, எந்த விமர்சனத்தை நம்புவது

அலெக்சாந்தர் டூமா 1844-இல் பாரிஸின் 'லெ சியெக்ல்' நாளிதழில் தொடராக எழுதிய, மன்னரின் காவல்படை வீரர்களான மூன்று மஸ்கெட்டியர்களின் கதையை, பேசாப்படக் காலத்திலிருந்து 2023 வரை யார் யாரோ படமாக்கிவிட்டார்கள். ஒரே பெயரில் தேடினால் ஏழெட்டுப் படங்கள் வந்து நிற்கும். சிரிப்பும் கத்திச்சண்டையும் கலந்த கதை என்று எல்லாமே சொல்லிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட விமர்சனங்களைப் படித்தாலோ குழப்பம் கூடும். ஒருவர் எந்தக் காரணத்துக்காகப் புகழ்கிறாரோ, அதே காரணத்துக்காக அடுத்தவர் திட்டுகிறார்.

இந்தக் குழப்பத்தின் வேர் நாவலின் உடம்பிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்தப் படம் நமக்கு, எந்த விமர்சகர் எதைத் தேடிப்போய் ஏமாந்தார் என்பது விளங்கிவிடும்.

நாவலில் 67 அத்தியாயங்கள், கடைசியில் ஒரு பின்னுரை. கஸ்கோன் நாட்டுப்புறத்திலிருந்து மஞ்சள் நிற மட்டக்குதிரையில் புறப்படும் பதினெட்டு வயது டார்ட்டன்யான், பாரிஸில் இறங்கிய சூட்டோடு அந்த மூன்று மஸ்கெட்டியர்களிடமும் வம்பு வளர்த்து, ஆதோஸோடு பகல் 12 மணிக்கு, போர்த்தோஸோடு 1 மணிக்கு, அராமிஸோடு 2 மணிக்கு என்று வரிசையாக மூன்று சண்டைக்கு நாள் குறித்துக்கொள்கிறான். இது டூமாவே எழுதிய நகைச்சுவை, படக்காரர்கள் ஒட்டவைத்ததில்லை. பிறகு, பிரெஞ்சு ராணி ஆன் தன் காதலர் பக்கிங்காம் கோமகனுக்குக் கொடுத்துவிட்ட பன்னிரண்டு வைரப் பதக்கங்களை, அரண்மனை நடன விருந்துக்கு முன்னால் இங்கிலாந்து போய் மீட்டுவர வேண்டும். படங்களால் உலகமே அறிந்த கதை இதுதான். இந்த வைரக் கதை 22-ஆம் அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. அதாவது நாவலின் மூன்றில் ஒரு பங்கில்.

மிச்சம் 45 அத்தியாயங்கள் வேறு உலகம். லா ரோஷெல் நகர முற்றுகை, கர்தினால் ரிஷ்லியூவின் உளவாளி மிலேடியின் பழிவாங்கல், பக்கிங்காம் கொலை, டார்ட்டன்யானின் காதலி கான்ஸ்டன்ஸின் சாவு, ஆற்றங்கரையில் நள்ளிரவில் ஒரு பெண்ணை நண்பர்கள் கூடித் தீர்ப்பெழுதி, மரண தண்டனை நிறைவேற்றுபவனைக் கொண்டு தலை வெட்டவைப்பது. நாவலைப் படித்தவர்களுக்கு மறக்காத பகுதி இது. சிரிப்புப் படம் எடுக்க வந்தவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் முள்ளும் இதுவே.

ஆகவே எந்தத் திரைவடிவத்தையும் எடைபோடக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கதையை எந்த இடத்தில் வெட்டினார்கள்? வைரத்தோடு நிறுத்தினால் சிரிப்பு கெடாது. டூமா பாதிதான் கிடைப்பார். முழுக்கதையும் வேண்டுமென்றால் நடுவில் தொனி மாறியே ஆக வேண்டும். அந்த மாற்றத்தைப் பார்வையாளர் நம்புகிறாரா என்பதில்தான் வரவேற்பு நிற்கிறது, சரிகிறது.

லெஸ்டரின் இரட்டைப் படம், 1973–74

சிரிப்பும் கத்தியும் கலந்த வடிவம் என்றால் பேச்சு ரிச்சர்ட் லெஸ்டரிடம்தான் தொடங்கும். பிலடெல்பியாவில் பிறந்து இங்கிலாந்தில் பெயர் வாங்கியவர். பீட்டில்ஸ் குழுவை வைத்து 1964-இலும் 1965-இலும் இரண்டு படங்கள் எடுத்தவர். 1969-இல் எடுத்த படம் ஓடாமல்போகச் சில ஆண்டுகள் பெரிய திரைக்கு எட்டாமல் இருந்தவரை, தயாரிப்பாளர்கள் அலெக்சாண்டர் சால்கைண்டும் மகன் இல்யாவும் இந்தக் கதைக்காகக் கூப்பிட்டார்கள். திரைக்கதை ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேசர். கோழையும் அயோக்கியனுமான ஒரு படை அதிகாரியை நாயகனாக வைத்து வரலாற்று நாவல்கள் எழுதியவர் என்பதால், வீரத்தைப் பக்தியோடு பார்க்கும் பழக்கம் அவருக்கும் இல்லை.

நடிகர் பட்டியலைப் பார்த்தால் கண் கட்டும். டார்ட்டன்யானாக மைக்கேல் யார்க், ஆதோஸாக ஆலிவர் ரீட், அராமிஸாக ரிச்சர்ட் சேம்பர்லைன், போர்த்தோஸாக ஃபிராங்க் ஃபின்லே, கர்தினால் ரிஷ்லியூவாக சார்ல்டன் ஹெஸ்டன், கர்தினாலின் கையாள் ரோஷ்ஃபோராக கிறிஸ்டோபர் லீ, மிலேடியாக ஃபே டன்னவே, கான்ஸ்டன்ஸாக ராக்குவெல் வெல்ச், ராணியாக ஜெரால்டின் சாப்ளின். கான்ஸ்டன்ஸின் கிழட்டுக் கணவர் பொனாசியூவாக வருபவர் ஸ்பைக் மில்லிகன். அகமதுநகரில் பிறந்த, பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவையையே புரட்டிப்போட்ட மனிதர். 13-ஆம் லூயியாக நடித்தவர் பிரெஞ்சு நடிகர் ஜான்-பியர் கசெல். ஆங்கிலக் குரல் மட்டும் ரிச்சர்ட் பிரையர்ஸுடையது. உதட்டசைவை உன்னிப்பாகப் பார்ப்பவர்களுக்கு அது உறுத்தும்.

படத்தின் நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் விமர்சகர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பது புரியும். பழைய கத்திச்சண்டைப் படத்தில் நாயகன் தாவினால் குதிரை முதுகில் கச்சிதமாக உட்காருவான். லெஸ்டர் படத்தில் தாவினால் குறி தவறும், சேற்றில் விழுவான். வாள்கள் கனமானவை, நாலு வீச்சுக்குப் பிறகு ஆட்களுக்கு மூச்சு வாங்கும். காலால் உதைப்பார்கள், மேலங்கியை முகத்தில் வீசுவார்கள், கைக்குக் கிடைத்த துணி மூட்டையை எறிவார்கள். சலவைக்கூடத்தில் நடக்கும் சண்டையில் தொங்கும் ஈரத்துணியும் ஒரு கட்சி. சாப்பாட்டுக்குக் காசில்லாத மஸ்கெட்டியர்கள் விடுதியில் பொய்ச்சண்டை போட்டு, அந்தக் கலவரத்துக்குள் இறைச்சியையும் ரொட்டியையும் சுருட்டிக்கொண்டு போகும் காட்சி, வீரத்தையும் வயிற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. சண்டை அமைப்பாளர் வில்லியம் ஹாப்ஸ், ஒவ்வொரு மோதலுக்கும் வேறு இடம், வேறு இடைஞ்சல் என்று வகுத்திருக்கிறார். இருட்டில் விளக்கை ஒரு கையிலும் வாளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு டார்ட்டன்யானும் ரோஷ்ஃபோரும் மோதும் சண்டையைப் பார்த்தால் இது விளங்கும்.

சிரிப்பின் இன்னொரு ஊற்று, சட்டகத்தின் ஓரத்தில் இருப்பவர்கள். பல்லக்குத் தூக்குபவர், சேவகர், தெருவில் நிற்பவர் என எல்லோரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். படப்பிடிப்புக்குப் பிறகு சேர்த்த குரல்கள் அவை. அரசரும் கர்தினாலும் ஆடும் ஆட்டத்துக்கு முதுகு வலிப்பது தங்களுக்குத்தான் என்று அந்த முணுமுணுப்பு சொல்லிக்கொண்டே போகும். நம் ராஜாராணிப் படங்களிலும் சிரிப்பு உண்டு. ஆனால் அதற்கென்று தனி ஜோடி இருக்கும். நாயகன் வாளை எடுத்தால் விளையாட்டு நின்றுவிடும். லெஸ்டரிடம் அந்தத் தடுப்புச்சுவர் இல்லை. நாயகனின் வாளே வழுக்கும்.

அப்போதைய விமர்சனம் இரண்டாகப் பிளந்தது இங்கேதான். நியூயார்க் டைம்ஸில் எழுதிய வின்சென்ட் கேன்பி, லெஸ்டருக்குச் சண்டையும் அதிலுள்ள சிரிப்பும் தவிர வேறெதிலும் கவனமில்லை என்றும், வாள்மோதல்களைச் செதுக்கிச் செதுக்கி இயல்பான துள்ளல் போய்விட்டது என்றும் குறைபட்டார். இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சண்டை மோசம் என்பது அவர் வாதமில்லை. பார்க்கச் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் உழைப்பு தெரிகிறது என்கிறார். இந்தக் கணிப்பில் பாதி உண்மை. முதல் படத்தில் தொடர்ந்து இரண்டு சண்டைகளைப் பார்த்துவிட்டு மூன்றாவது வரும்போது, 'சரி, இந்தத் தடவை எந்தச் சாமான் உடையும்?' என்று கணக்குப்போடத் தோன்றும். மறுபாதியில் அவர் அளவுகோல் பழசு. பேசாப்பட நாயகன் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் காற்றில் மிதக்கும் உடல்தான் கத்திச்சண்டையின் இலக்கணம் என்று வைத்துக்கொண்டால், சேற்றில் விழும் டார்ட்டன்யான் தோல்வியாகத்தான் தெரிவான்.

விருதுக் களத்தில் படத்தை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார்கள். கோல்டன் குளோப் விருதில் இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படத்துக்குப் பரிந்துரை கிடைத்தது. ராக்குவெல் வெல்ச் அதே பிரிவில் சிறந்த நடிகை விருதை வாங்கினார். அதுவரை அழகுக்காக மட்டும் போஸ்டரில் ஏற்றப்பட்டவர், படியில் தடுக்கி, கதவில் முட்டி, தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டிவிட்டு ஒரு தடுமாற்றக்காரியாக நடித்தே அந்த விருதைப் பெற்றார். நாவலின் கான்ஸ்டன்ஸ் இப்படி இல்லை, சாமர்த்தியக்காரி. நாவல்பற்றாளர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். ஆனால் அவளை டார்ட்டன்யான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய மனைவியாகவே வைத்திருக்கும் துணிச்சல் இந்தப் படத்துக்கு உண்டு. பழைய ஹாலிவுட் அதைச் சொல்லக் கூசி அவளைக் கல்யாணமாகாத பெண்ணாக்கிவிட்டது.

இனி இரண்டாம் படம். முதலில் இடைவேளையோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் ஒரே படமாகத்தான் திட்டமிட்டார்கள். பிறகு தயாரிப்பாளர்கள் அதை இரண்டாக வெட்டி, முதலாவதை 1973 கடைசியிலும் மற்றதை 1974-இலும் வெளியிட்டார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் ஒரு படத்துக்கு மட்டும். வழக்கு நடந்தது. அதன்பின் எத்தனை படங்களுக்கு ஒப்பந்தம் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும் என்ற விதி அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தங்களில் ஏறியது. அதற்கு இன்றுவரை சால்கைண்ட் விதி என்றே பெயர். அதே தயாரிப்பாளர்கள் பிறகு சூப்பர்மேன் முதலிரு படங்களை ஒன்றாக எடுக்கத் துணிந்ததற்கு இதுதான் ஒத்திகை.

விமர்சகர்களைப் பொறுத்தவரை இந்த வெட்டு ஒரு விபத்து. வெட்டு விழுந்த இடம் நாவலின் 22-ஆம் அத்தியாயம், வைரம் திரும்பிய நடன விருந்து. முதல் படம் கலகலப்பாக முடிந்தது. அடுத்த ஆண்டு அதே கலகலப்பைத் தேடி வந்தவர்களுக்கு முற்றுகைப் போர், கழுத்து நெரிப்பு, கொலை, தலை வெட்டு. நகைச்சுவையின் இரண்டாம் பாகம் என்று சீட்டு வாங்கியவருக்கு அது தொனி தவறிய படம். மூன்று மணி நேரப் படத்தின் பின்பாதியாகப் பார்ப்பவருக்கோ, முன்பாதியில் சிரித்ததற்குக் கட்டும் வட்டி. லா ரோஷெல் கொத்தளத்தில் பந்தயம் கட்டி, எதிரி சுடச்சுட உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடும் காட்சியில் இரண்டும் ஒருசேர நடக்கின்றன. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கீழே பிணம் விழும். ஆலிவர் ரீடின் ஆதோஸ் படம் முழுக்கக் குடித்துக்கொண்டே சுமந்துவரும் ரகசியம் திறக்கும்போது, முதல் படத்தில் அவர் ஏன் மற்றவர்களைப்போலச் சிரிக்கவில்லை என்பது விளங்கும். கடைசித் தேவாலயச் சண்டையில் சாமர்த்தியம் எதுவும் மிச்சமில்லை; களைத்த இரண்டு பேர் கொல்லப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நாவலில் ரோஷ்ஃபோர் சாவதில்லை. மூன்று முறை காயப்பட்டு நண்பனாகிறான். படம் அந்த ஆறுதலை எடுத்துவிட்டது.

இரண்டாம் படத்தைக் குறைத்து மதிப்பிட்ட பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது, எழுதியவர் இரண்டையும் ஓராண்டு இடைவெளியில் பார்த்தவர் என்பதை மறக்கக் கூடாது. இன்றைக்கு அடுத்தடுத்த மாலைகளில் பார்ப்பவருக்கு அந்தக் குறையில் பெரும்பகுதி கரைந்துபோகும். உடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்ததும் இரண்டாவதுக்குத்தான். இசையில் மட்டும் ஒட்டுத்தையல் கேட்கும்: முதலாவதற்கு மிஷெல் லெக்ராண்ட், இரண்டாவதற்கு லாலோ ஷிஃப்ரின்.

லெஸ்டரும் பழைய நடிகர்கள் பலரும் சேர்ந்து எடுத்த மூன்றாவது படம் 1989-இல் வந்தது. அதன் படப்பிடிப்பில்தான் சேவகன் பிளான்ஷேயாக நடித்த ராய் கின்னியர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். லெஸ்டர் அதற்குப் பிறகு கதைப்படமே எடுக்கவில்லை. அந்தப் படத்தைச் சிரிப்புக்காகப் பார்க்க உட்காருவது கஷ்டம்.

ஜீன் கெல்லியின் 1948

ஒரே மாலைதான் இருக்கிறது, நாவலின் முதலும் முடிவும் இரண்டும் வேண்டும் என்றால் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக ஜார்ஜ் சிட்னி இயக்கிய 1948 படம். ஏறக்குறைய இரண்டு மணி ஐந்து நிமிடம். டெக்னிகலர் வண்ணத்தில் இந்தக் கதை வந்த முதல் படம். வண்ண ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

நடனக்காரர் ஜீன் கெல்லி டார்ட்டன்யான். முதல் மணி நேரத்தில் கர்தினாலின் காவலன் ஒருவனோடு நீண்டு நடக்கும் சண்டை வாள் பிடித்த நடனம்தான். எதிராளியைக் கேலி செய்து, தண்ணீரில் தள்ளி, உருட்டி விளையாடுகிறார். லெஸ்டரின் சண்டைக்கு இது நேர் எதிர். இங்கே உடல் தவறாது. தவறுவதுபோல நடிக்கும், அதுவும் தாளத்தோடு. கெல்லி 1952-இல் நடித்த புகழ்பெற்ற இசைப்படத்தின் தொடக்கத்தில் வரும் பொய்ப் பேசாப்படத்துக்கு இந்தப் படத்தின் சண்டைத் துண்டுகளைத்தான் கறுப்புவெள்ளையாக்கிப் போட்டார்கள். அதைக் கேலிக்குப் பயன்படுத்தினாலும் சண்டை கெட்டுப்போகவில்லை.

குறை இரண்டு. ரிஷ்லியூ கர்தினால் என்பதையே படம் சொல்லாது. திருச்சபைக்கு மனக்கசப்பு வேண்டாமென்று வின்சென்ட் பிரைஸை வெறும் முதன்மை மந்திரியாக்கிவிட்டார்கள். அரசரும் மதகுருவும் அதிகாரத்துக்கு இழுபறி செய்வதில் இருக்கும் காரம் அதோடு போயிற்று. இரண்டாவது, முதல் மணி நேரத்து ஆட்டமும் பாட்டமும் முடிந்து லானா டர்னரின் மிலேடி கதையைக் கையில் எடுக்கும் இடத்தில் வண்டி தடம் மாறும் சத்தம் கேட்கும். கெல்லியின் சிரிப்பு முகம் சோகத்துக்கு இணங்கவில்லை. வான் ஹெஃப்லினின் ஆதோஸ்தான் அந்தப் பின்பாதியைத் தோளில் சுமக்கிறார். இந்தப் படத்தைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பேசாப்படமும் பகடியும்

1921-இல் ஃப்ரெட் நிப்லோ இயக்க, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த படம் எல்லாவற்றுக்கும் தாத்தா. அப்போது அவருக்கு வயது 38. பதினெட்டு வயதுப் பையனாக நம்பவைப்பது முகமில்லை, கால்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் கரணம் போட்டு, மறு கையால் வாளை எடுக்கும் வித்தைக்காகவே பார்க்கலாம். வைரக் கதையோடு நிற்பதால் தொனிச் சிக்கல் இல்லை. எடுத்த எடுப்பில் அரண்மனைச் சூழ்ச்சிகளை எழுத்து அட்டைகளில் விளக்குவதால் முதல் அரைமணி நேரம் இழுக்கும். அங்கே பொறுமை வேண்டும்.

அதைக் கிண்டலடித்து பிரெஞ்சு நகைச்சுவையாளர் மாக்ஸ் லிந்தர் 1922-இலேயே ஒரு பகடி எடுத்துவிட்டார். 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் தொலைபேசி வரும், மோட்டார் சைக்கிள் வரும். ஃபேர்பேங்க்ஸ் படத்தைப் பார்த்த கையோடு பார்த்தால் சிரிப்பு இரட்டிக்கும். தனியாகப் பார்த்தால் பாதி நகைச்சுவை தலைக்கு மேல் போகும்.

1939-இல் ரிட்ஸ் சகோதரர்கள் மூவரை வைத்து ஆலன் டுவான் எடுத்தது பாட்டும் கூத்துமான படம், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மஸ்கெட்டியர்கள் குடித்துச் சாய்ந்துவிட, மூன்று வேலைக்காரர்கள் அவர்கள் உடையை மாட்டிக்கொள்கிறார்கள். டார்ட்டன்யானாக வரும் டான் அமீச்சி பாடுகிறார். வேடிக்கை என்னவென்றால், ஃபேர்பேங்க்ஸ் 1929-இல் மஸ்கெட்டியர்களுக்கு விடைகொடுத்து உருக்கமாக நடித்த படத்தை இயக்கியவரும் இதே டுவான்தான். ரிட்ஸ் சகோதரர்களின் சேட்டை பிடித்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஒன்றேகால் மணியும் நீளம்தான்.

1993-உம் 2011-உம்

டிஸ்னியின் 1993 படத்தில் ஸ்டீஃபன் ஹெரெக் இயக்கத்தில் கிறிஸ் ஓடானல், கீஃபர் சதர்லேண்ட், சார்லி ஷீன், ஆலிவர் பிளாட். வைரக் கதையைத் தூக்கி எறிந்துவிட்டு, கர்தினால் மஸ்கெட்டியர் படையைக் கலைத்து அரசரைக் கொல்லத் திட்டமிடுவதாக மாற்றிக்கொண்டார்கள். விமர்சகர்கள், அமெரிக்க இளவட்டங்களுக்குத் தொப்பி மாட்டிவிட்டது போலிருக்கிறது என்று தள்ளினார்கள். அது சரியான குறைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு பார்க்க ஏற்ற படம் இந்தப் பட்டியலில் இதைவிட வேறில்லை: கதை நேர்க்கோட்டில் போகும், கெட்டவன் யார் என்பதில் ஐயமில்லை, டிம் கரியின் ரிஷ்லியூ மேடை நாடக வில்லன்போலக் கொட்டி நடிக்கிறார், போர்த்தோஸாக வரும் பிளாட் நிஜமாகவே சிரிக்க வைக்கிறார். பிரையன் ஆடம்ஸ், ராட் ஸ்டூவர்ட், ஸ்டிங் சேர்ந்து பாடிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. படத்தை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை.

2011-இல் பால் ஆண்டர்சன் முப்பரிமாணத்தில் எடுத்ததில் லியனார்டோ டா வின்சியின் வரைபடத்திலிருந்து பறக்கும் கப்பல் கட்டி, பாரிஸ் வானத்தில் சண்டைபோட்டு நோத்ர்தாம் தேவாலயக் கூரைமேல் கொண்டுபோய் மோதுகிறார்கள். விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் திட்டினார்கள். டூமாவைக் கெடுத்துவிட்டார்கள் என்பது சோம்பேறிக் குற்றச்சாட்டு. லிந்தர் மோட்டார் சைக்கிள் விட்டபோது யாரும் அழவில்லை. உண்மையான குறை வேறு. லிந்தருக்குத் தான் கிண்டல் செய்கிறோம் என்று தெரியும். ஆண்டர்சனின் படம் கிண்டலா, சாகசமா என்று கடைசிவரை முடிவெடுக்கவில்லை. கிறிஸ்டோஃப் வால்ட்ஸும் மாட்ஸ் மிக்கெல்சனும் இருந்தும் வசனத்தில் அவர்களுக்குக் கடிக்க ஒன்றுமில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப எடுத்தபோது

2023-இல் மார்த்தன் பூர்புலோன் இயக்கிய இரட்டைப் படம் ஏப்ரலில் 'டார்ட்டன்யான்' என்றும் டிசம்பரில் 'மிலேடி' என்றும் வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஓடும். லெஸ்டரைப்போல இவர்களும் இரண்டாக வெட்டினார்கள், இந்த முறை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆதோஸாக நடிப்பவர் வின்சென்ட் கசெல். லெஸ்டர் படத்தில் 13-ஆம் லூயியாக வந்த ஜான்-பியர் கசெலின் மகன். அப்பா நாய்களை வைத்துச் சதுரங்கம் ஆடிய அரசர், மகன் சாவை எதிர்நோக்கும் குடிகாரப் பிரபு. இரண்டு படங்களின் குணத்தையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இங்கே சிரிப்பு ஊறுகாய் அளவுதான். லூயி கரெல் நடிக்கும் அரசரின் உலர்ந்த கிண்டலில் கொஞ்சம், பியோ மார்மாயின் போர்த்தோஸில் கொஞ்சம். சண்டைகளை நீண்ட ஷாட்டுகளில், கேமராவையும் கூடவே ஓடவிட்டு எடுத்திருக்கிறார்கள். பாராட்டியவர்கள் பிரமாண்டத்தையும் ஈவா கிரீனின் மிலேடியையும் சொன்னார்கள். குறைசொன்னவர்கள் படம் முழுக்கப் புழுதி நிறமாக இருட்டடித்துக் கிடப்பதைச் சொன்னார்கள். இருட்டுப் புகார் உண்மை: பகல் வெளிச்சம் விழும் அறையில் சாதாரண டிவியில் பார்த்தால் இரவுக் காட்சிகளில் யார் யாரை வெட்டுகிறார் என்றே தெரியாது. ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது இரவில் பாருங்கள்.

நாவலை முன்பே படித்தவர்கள் இதில்தான் அதிகம் சண்டைக்கு வருவார்கள். ஆதோஸ்மீது கொலைப்பழி, சீர்திருத்தக் கிறித்தவர்களின் சதி, கான்ஸ்டன்ஸுக்கு நேர்வது, மிலேடியின் முடிவு எல்லாம் மாற்றப்பட்டவை. ஆற்றங்கரைத் தண்டனைக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். அதே சமயம் மிலேடிக்குக் கத்தியும் குதிரையும் தன் பக்க நியாயமும் கொடுத்த வடிவம் இது.

சரி, எதை எடுப்பது?

நாவலைப் படிக்காதவர், சிரிக்க வந்தவர், இரண்டு மாலை ஒதுக்க முடிந்தவர் லெஸ்டரின் இரண்டையும் எடுக்கலாம். இடையில் ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். ஒரு வாரம் விட்டால் 1974-இன் விமர்சகர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினாலும் நஷ்டமில்லை, அது தன்னளவில் முடிந்த கதை. இரண்டாவதை மட்டும் தனியாக எடுப்பது தவறு. ஆதோஸுக்கும் மிலேடிக்கும் நடுவில் இருப்பதன் கனம் முதல் படத்தில் சேர்த்துவைத்ததுதான்.

ஒரே மாலை என்றால் 1948. நாவலைப் படித்துமுடித்து, அது பெரிய திரைக்கு எந்த அளவு தாங்கும் என்று பார்க்க நினைப்பவருக்கு 2023. பேசாப்படம் பழகியவர் 1921-ஐயும் லிந்தரையும் ஒரே அமர்வில் முடிக்கலாம்.

தேடும்போது இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஆங்கிலத் தலைப்பு பெரும்பாலானவற்றுக்கு ஒன்றே என்பதால், ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துப் போடாவிட்டால் வேறு படம் ஓடத் தொடங்கிவிடும். பிரெஞ்சுப் படங்களுக்கு ஆங்கில டப்பிங்கும் கிடைக்கிறது. அதைத் தொடாதீர்கள், கரெலின் கிண்டல் முழுக்க அவர் குரலில் இருக்கிறது. லெஸ்டர் படத்துக்கு மறுபக்கச் சிக்கல்: அந்த ஓர முணுமுணுப்புகளை வசன வரிகள் பல இடங்களில் விட்டுவிடுகின்றன. ஒலியைச் சற்று கூட்டி வைத்தோ, ஹெட்ஃபோன் போட்டோ பார்த்தால் பாதி நகைச்சுவை கூடுதலாகக் கிடைக்கும். இரண்டுக்கும் 4கே தரத்தில் மீட்டெடுத்த பிரதி வந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் டேவிட் வாட்கினின் ஜன்னல் வெளிச்சம் பழைய டிவிடியில் சாம்பல் பூத்ததுபோல இருக்கும் என்பதால், கிடைத்தால் புதியதையே எடுங்கள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்தால் லெஸ்டரின் முதல் படம்வரை பயமில்லை. இரண்டாவதில் கன்னியர் மடத்தில் ஜெபமாலையால் கழுத்தை நெரிக்கும் காட்சி வருகிறது. அதற்கு முன்னறிவிப்பாக ஒரு சிரிப்பும் இருக்காது.